குறையுள்ள உடல் நோயாளியின் குற்றமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் உடல்நலப் பக்கங்களில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. இயற்கை மனித உடலைக் குறையில்லாமல்தான் அமைத்திருக்கிறது, கண்டதைத் தின்றும் கண்டபடி வாழ்ந்தும் நாம்தான் அதைக் கெடுத்துக்கொள்கிறோம் என்பது அது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையில்லை. அதைவிட வருத்தம், அது நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது. முதுகுவலிக்காரர், பிரசவத்தில் சிக்கலான பெண், நாற்பது வயதுக்குள் சர்க்கரை வந்தவர் என்று எல்லோரும் மருத்துவரிடம் கேட்பது "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றுதான். பல பேர் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டார்கள். உடல் உருவான வரலாறு அப்படி. அந்த வரலாறு தெரிந்தால் சிகிச்சையில் என்ன செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதும் தெளிவாகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு நோய் எப்படி வருகிறது என்பதை மருத்துவக் கல்லூரிகள் நன்றாகவே கற்றுத் தருகின்றன. அது வருவதற்கு உடலில் ஏன் வழி திறந்தே இருக்கிறது என்பது வேறு கேள்வி. 1991-இல் உயிரியலாளர் ஜார்ஜ் வில்லியம்ஸும் மனநல மருத்துவர் ரேண்டால்ஃப் நெஸ்ஸியும் சேர்ந்து எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தக் கேள்வியை மருத்துவத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தது. அதன் அடிப்படை எளியது. பிழைத்துப் பிள்ளை பெற்றவற்றின் பண்புகளே அடுத்த தலைமுறைக்குப் போவதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். அதன் கணக்கில் சந்ததிதான் வரவு, நம் சுகம் அதில் வருவதே இல்லை. இயற்கைத் தேர்வால் முன்யோசனை செய்யவும் முடியாது. குடித்தனத்தைக் காலி செய்யாமலே பழைய வீட்டுக்கு மாடி எடுப்பதுபோல, இருக்கும் உறுப்பின் மேல்தான் புதியது வர வேண்டும். இடைப்பட்ட ஒவ்வொரு தலைமுறையும் உயிரோடு இருந்து பிள்ளை பெற்றாக வேண்டுமே.

தொண்டையைப் பாருங்கள். சாப்பிடும்போது புரையேறினால் யாரோ நினைக்கிறார்கள் என்கிறோம், உச்சந்தலையில் தட்டுகிறோம். புரையேறக் காரணம், காற்றின் வழியும் சோற்றின் வழியும் தொண்டையில் ஒன்றையொன்று குறுக்கே கடப்பதுதான். மூக்கு வாய்க்கு மேலே இருக்கிறது. ஆனால் கழுத்தில் மூச்சுக்குழாய் முன்னாலும் உணவுக்குழாய் பின்னாலும் இறங்குகின்றன. ஆகவே காற்று பின்னாலிருந்து முன்னுக்கும், உணவு முன்னாலிருந்து பின்னுக்கும் மாறியாக வேண்டும். நம் மீன் மூதாதையரில் நுரையீரல் உணவுப்பாதையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு பைபோலப் புடைத்து உருவானதன் விளைவு இது. பிறகு நிலத்துக்கு வந்த எல்லா முதுகெலும்பிகளும் இந்தச் சந்திப்பைச் சுமந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு கணநேரம் நிற்கிறது, குரல்வளை மேலேறுகிறது, குரல்வளை மூடி சாய்கிறது. சிரித்துக்கொண்டே சாப்பிட்டால் இந்த ஒழுங்கு பிசகுகிறது. கைக்குழந்தைக்குக் குரல்வளை மிக உயரத்தில், மூக்கின் பின்வாசலை ஒட்டி இருக்கும், அதனால் பால் குடிக்கும்போது மூச்சுக்கு அவ்வளவு இடைஞ்சல் இல்லை. வளர வளர அது கீழே இறங்குகிறது. பலவித ஒலிகளைப் பேச இந்த இறக்கம் உதவியது என்று பலர் கருதுகிறார்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலை அடைப்பு.

தலையில் தட்டுவதால் இந்தச் சந்திப்பில் எதுவும் மாறாது. அடைத்தவரால் பேச முடிகிறது, சத்தமாக இருமுகிறார் என்றால் இருமவிடுங்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். சத்தமே வரவில்லை, கழுத்தைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. அவரை முன்னால் குனியவைத்து, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வெளியே வரவில்லையா, பின்னால் நின்று அவர் தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு கை முட்டியை வைத்து, மறுகையால் அதைப் பற்றி, உள்ளும் மேலுமாக 5 முறை வெடுக்கென்று இழுங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கர்ப்பிணிக்கும் மிகவும் பருமனானவருக்கும் வயிற்றில் அல்ல, நடு நெஞ்சில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது, கல்லீரல் கிழியலாம். முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி முதுகில் 5 தட்டு, திருப்பிப் போட்டு இரு விரல்களால் நெஞ்செலும்பில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலை விட்டுத் துழாவாதீர்கள், அது இன்னும் உள்ளே போய்விடும். மயங்கிவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சு அழுத்தலைத் தொடங்கிவிட்டு, பக்கத்தில் இருப்பவரை 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழு வேர்க்கடலையோ முழு திராட்சையோ தராமல் இருப்பது இத்தனையையும் விட எளிது.

மீன் காலத்துச் சொத்து இன்னொன்றும் கழுத்தில் இருக்கிறது. குரல்வளையை அசைக்கும் இடப்பக்க நரம்பு மூளையிலிருந்து நேரே குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, மறுபடி கழுத்துக்கு ஏறுகிறது. மீனில் செவுளுக்குப் போன நரம்பு அது, அங்கே அதுதான் குறுக்கு வழி. கழுத்து உண்டாகி இதயம் கீழே இறங்கியபோது நரம்பு தமனியில் மாட்டிக்கொண்டு நீண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இது பல மீட்டர் நீளம். இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் தொண்டையை மட்டும் பார்த்து அனுப்பிவிடக் கூடாது, நெஞ்சையும் பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோயோ, ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கி வீங்கிய இதய அறையோ அந்த நரம்பை நெரித்திருக்கலாம். தைராய்டு அறுவையில் குரல் போகும் ஆபத்து இருப்பதும் இந்தச் சுற்றுவழியால்தான்.

கண்ணின் குறையை எவரும் வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் போடுங்கள். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் பெருக்கல் குறியையே பார்த்தபடி தாளை மெல்ல அருகே கொண்டுவாருங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி மறைந்துவிடும். நம் விழித்திரையில் நரம்பிழைகள் ஒளியுணர் செல்களுக்கு முன்பக்கம் ஓடுகின்றன. அவை வெளியேற விழித்திரையிலேயே ஓர் ஓட்டை வேண்டும், அங்கே பார்வை கிடையாது. ஆக்டோபஸின் கண்ணில் இந்தக் கோளாறு இல்லை. நம் அமைப்பிலும் நன்மை உண்டு. ஒளியுணர் செல்கள் பின்னால் உள்ள நிறமிப் படலத்தை ஒட்டியிருப்பதால் அவற்றுக்கு வேண்டிய ரத்தமும் பராமரிப்பும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் இரண்டும் வெறுமனே ஒட்டித்தான் இருக்கின்றன, அதனால் பிரிந்தும் போகலாம். திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, புதிதாகக் கூட்டமாய் மிதக்கும் புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் தோன்றுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதில் பார்வை போகிறது.

பிரசவத்தைப் பற்றிச் சொல்லும்போது கவனம் தேவை. நிமிர்ந்து நடக்கத் தொடங்கியதால் இடுப்பெலும்பின் வடிவம் மாறியது, மறுபக்கம் மூளை பெருத்தது. இடுப்பின் நுழைவாயில் பக்கவாட்டில் சுமார் 13 செ.மீ., முன்பின்னாக 11 செ.மீ. வெளிவாயிலில் அகலம் முன்பின்னாக மாறிவிடுகிறது. நன்றாகக் குனிந்த தலையின் குறுகிய அளவு 9.5 செ.மீ. ஆகவே குழந்தை பக்கம் பார்த்து நுழைந்து, நடுவழியில் திரும்பி, தாயின் முதுகுப்பக்கம் பார்த்தபடி வெளியே வருகிறது. தலை நிமிர்ந்திருந்தால் அதே தலைக்கு 11.5 செ.மீ. இடம் வேண்டும், அங்கே பிரசவம் நிற்கிறது. இந்த நெருக்கடிக்கு இடுப்பு மட்டும் காரணமா, குழந்தைக்கு ஊட்டம் தரத் தாயின் உடலுக்கு உள்ள உச்சவரம்பும் காரணமா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. உறுதியாகத் தெரிந்தது, சிறுவயதில் ஊட்டமும் வைட்டமின் டி-யும் கிடைக்காத பெண்ணுக்கு இடுப்பு இன்னும் குறுகுகிறது என்பது. பிரசவ அறையில் வயிற்றின் மேற்பகுதியை அழுத்திக் குழந்தையைத் தள்ளும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்று சொன்ன வழக்கம் அது. திரும்ப வேண்டிய தலையை மேலிருந்து தள்ளினால் திரும்பாது. கருப்பை கிழியும் ஆபத்துதான் கூடும். அதேபோல் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவையில் முடிகின்றன என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது, இந்திய சராசரி 21.5. பரிணாமத்தைக் காட்டி இந்த வித்தியாசத்தை நியாயப்படுத்த முடியாது. இடுப்பெலும்பு மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவதில்லை.

குறை என்று நாம் நினைக்கும் சில விஷயங்கள் குறையே அல்ல, காவல். காய்ச்சல் அப்படிப்பட்டது. கிருமி ஏறிய பாலைவனப் பல்லிகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்து 1975-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. தானாக உடல் சூட்டைக் கூட்டத் தெரியாத அந்தப் பல்லிகளில், சூடான இடத்தில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை மாண்டன. அப்படியானால் காய்ச்சலுக்கு மாத்திரையே கூடாதா என்று கேட்பார்கள். அப்படியும் இல்லை. தேவையில்லாத காய்ச்சலால் உடலுக்கு ஆகும் செலவு கொஞ்சம். தேவையான நேரத்தில் வராத காய்ச்சலின் செலவு உயிர். அதனால் உடல் சந்தேகம் வந்தாலே சூட்டை ஏற்றிவிடும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது, பல நேரம் தேவைக்கு மேல். எனவே குழந்தை சோர்ந்து, தண்ணீர் குடிக்க மறுத்து அவதிப்பட்டால் சூட்டைக் குறைப்பதில் தவறில்லை. தெர்மாமீட்டர் எண்ணுக்காக மட்டும் குறைக்க வேண்டியதில்லை. பாராசிட்டமால் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணிநேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது பெரும்பாலும் பாட்டிலில். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். போன முறை கொடுத்த அதே மூடி அளவு என்று ஊற்றினால் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆகிவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்குவில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடாது, காய்ச்சல் இறங்கும் நாட்களில்தான் அபாயம் ஏறுகிறது.

வயிற்றுப்போக்கும் கிருமியை வெளியேற்றும் வழிதான். குழந்தைக்கும், மலத்தில் ரத்தம் போகிறவருக்கும் குடலின் அசைவை நிறுத்தும் மாத்திரை தரக்கூடாது. போன நீரையும் உப்பையும் ஈடுகட்ட வேண்டும். 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும், டம்ளருக்குக் கொஞ்சம் என்று கிள்ளிப் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். இரும்புச்சத்து விஷயம் இன்னும் நுட்பமானது. கிருமி வளர இரும்பு வேண்டும் என்பதால் தொற்றின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் இரும்பைக் குறைத்துவிடுகிறது. மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கத் தீவான பெம்பாவில் சிறு குழந்தைகள் எல்லோருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் முற்றுவதும் சாவும் கூடியதால் இரும்பு கொடுப்பதை இடையிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2006-இல் வெளியானது. இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மலேரியா அரிதான நம் ஊர்களில் கர்ப்பிணிக்கும் வளரிளம் பெண்ணுக்கும் அது அவசியம். கடுமையான தொற்றில் படுத்திருக்கும்போது மட்டும், எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

தமிழ்நாட்டு மண்ணிலேயே இந்த வரலாறு எழுதப்பட்ட இடம் நீலகிரி. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் தன்மையைக் கண்டறிந்தார்கள், இந்தியாவில் அதுவே முதல். ஹீமோகுளோபின் சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது, குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் ரத்தச் சிவப்பணு வளைந்து, குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலி தருகிறது. இவ்வளவு கெடுதலான மரபணு ஏன் அழியவில்லை? ஒரே ஒரு பிரதி உள்ளவரைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்று 1954-இல் அந்தோணி ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். மலேரியாக் காட்டில் பல தலைமுறை வாழ்ந்த மக்களிடம் அது தங்கியதற்குக் காரணம் அவர்கள் ரத்தத்தில் உள்ள ‘கெடுதல்’ அல்ல, அவர்கள் முன்னோர் பிழைத்த விதம். இதைப் பெண் பார்க்கும் இடத்தில் இழுக்காகப் பேசுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஒரு பிரதி உள்ளவர் நோயாளி அல்லர். கணவன் மனைவி இருவருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்ற கணக்கு தவறு, ஒவ்வொரு முறையும் அதே 25 தான். களத்தில் செய்யும் கரைதிறன் சோதனையில் அறிகுறி தெரிந்தால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. சோதனையில் உறுதி செய்ய வேண்டும், ஏனென்றால் முதல் சோதனையால் ஒரு பிரதியா இரண்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோய் உள்ள குழந்தைக்கு மண்ணீரல் சீக்கிரமே செயலிழக்கும். அதனால் ஐந்து வயதுவரை பெனிசிலின், நிமோகாக்கஸ் தடுப்பூசி, காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவமனை. தண்ணீர் நிறையக் குடிப்பதும் குளிரில் நனையாமல் இருப்பதும் வலியைத் தள்ளிப்போடும். உதகைக் குளிரில் இது சின்ன விஷயம் அல்ல. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. பரிசோதித்து அட்டை கொடுத்தால் மட்டும் போதாது, அட்டையின் பொருளை அவரவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டும்.

மலேரியா விட்டுச்சென்ற இன்னொரு மரபணுக் குறை, ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு. அந்துருண்டை போட்டு வைத்த பீரோவிலிருந்து எடுத்த பழைய துணியைப் பிறந்த குழந்தைக்குச் சுற்றும்போது, இந்தக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை மூளைவரை போகக்கூடும். அந்துருண்டையில் உள்ள நாஃப்தலீனின் ஆவி போதும், தொட வேண்டியதுகூட இல்லை. வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவுக்கு 14 நாள் தரும் பிரைமாக்வின் மாத்திரையும் இவர்களுக்கு ஆபத்து.

நாம் மாறுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். கிருமிக்குச் சில வாரங்கள் போதும். காசநோயில் இதை எண்களாகவே பார்க்கலாம். நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் 10 கோடிக் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஐசோனியாசிட் மருந்துக்கு அடங்காத கிருமி ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று தானாகவே உண்டாகிறது. ஆக முதல் மாத்திரை விழுங்கும் முன்பே அந்தக் குழியில் நூறு கிருமிகள் அதற்கு அடங்காதவை. அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை சாகும், இருமல் குறையும், எடை கூடும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். சில மாதத்தில் அந்த நூறும் பெருகி நிற்கும். 1940-களின் கடைசியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது நடந்தது இதுதான். ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு அடங்காதது சுமார் 10 கோடியில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அடங்காத கிருமி வேண்டுமானால் 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி எந்த நுரையீரலிலும் இல்லை. கூட்டு மருந்தின் தத்துவம் இந்தப் பெருக்கல் கணக்குதான். 1956-இல் தொடங்கிய சென்னை ஆய்வு, சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே இரண்டு மருந்துகளை ஓராண்டு கொடுத்து, ஏழை நோயாளிகளும் அதேபோல் குணமாவதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய அறிவியல் அது.

இன்று முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து, எல்லாம் ஒரே மாத்திரையில் சேர்த்து, எடைக்கு ஏற்ப. 50 முதல் 64 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 4 மாத்திரை. எங்கே பிசகுகிறது? ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயந்து நிறுத்திவிடுகிறார்கள். தேறாத நோயாளிக்குப் பழைய மருந்துகளோடு புதிதாக ஒன்றை மட்டும் சேர்க்கிறார்கள். அடங்காத கிருமிக்கு அது ஒற்றை மருந்துதான், சில வாரத்தில் அதையும் வென்றுவிடும். சேர்ப்பதானால் கிருமி இன்னும் அடங்கும் பல மருந்துகளைச் சேர்த்தே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் விடக் கெட்டது, இரண்டு வாரமாக இருமுகிறவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதுவது. அது காசநோயைக் கொஞ்சம் அடக்கி மறைக்கும், பின்னால் வேண்டியிருக்கும் மருந்தையும் வீணாக்கும். இரண்டு வார இருமல் என்றால் முதலில் ட்ரூநாட் அல்லது சிபிநாட் என்ற சளிப் பரிசோதனை, பிறகுதான் மருந்து.

இதோடு ஒன்றைத் திருத்த வேண்டும். எல்லா ஆன்டிபயாடிக்கையும் எவ்வளவு நீளமாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் பரவியிருக்கிறது. காசநோய்க்குப் பொருந்துவது சாதாரணத் தொற்றுக்குப் பொருந்தாது. தேவைக்கு மேல் சாப்பிடும் ஒவ்வொரு நாளும் குடலில் வாழும் மற்றக் கிருமிகளில் அடங்காதவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. பல நோய்களுக்குக் குறுகிய கால மருந்தே போதும் என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்தை அடுத்த சளிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு வருகிறேன். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. உடல் ஒரு சூழலுக்குப் பழகி, சூழல் வேறாகிவிட்டதன் விளைவு இது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) பிழைத்தவர்களின் மரபணுதான் இன்று நம்மைச் சர்க்கரை நோயாளி ஆக்கியது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு ஆதாரம் இல்லை. ஓரிரு ஆண்டுப் பஞ்சம் ஒரே தலைமுறையில் மரபணு விகிதத்தை அவ்வளவு புரட்டிவிடாது. 1962-இல் ஜேம்ஸ் நீல் சொன்ன சிக்கன மரபணு (பஞ்ச காலத்துக்காகக் கொழுப்பைச் சேமிக்க உதவும் மரபணு) என்ற கருத்துக்கே நம் மக்களில் தெளிவான மரபணுச் சான்று கிடைக்கவில்லை. வலுவான சான்று கருப்பையில் இருக்கிறது. புனேயில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, ஆனால் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்று மருத்துவர் யாஜ்னிக்கின் குழு காட்டியது. ஒல்லியாகத் தெரிந்தும் உள்ளே கொழுப்பு. எனவே வெளிநாட்டு அட்டவணையைப் பார்த்து ‘எடை சரிதான்’ என்று இருந்துவிடக் கூடாது. நமக்கு உடல் நிறை எண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ.) 23-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை. இடுப்பளவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. வேட்டியும் பேன்ட்டும் கட்டும் இடத்தில் அளந்தால் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுகோஸ் கொடுத்து இரண்டு மணிநேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 தொட்டால் உடனே கவனிக்க வேண்டும். அடுத்த தலைமுறையின் சர்க்கரையைத் தடுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பிள்ளைகளின் கிட்டப்பார்வையும் இதே வகைதான். நாளுக்கு இரண்டு மணிநேரம் வெளிச்சத்தில் விளையாடவிட்டால் அது வருவது குறைகிறது.

பரிணாமத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கற்கால மனிதன் சாப்பிட்டதையே சாப்பிடு என்பவர்கள், வலுவில்லாதவன் சாவது இயற்கை என்பவர்கள். முதலாவது, அந்த மனிதன் ஊருக்கு ஊர் வேறு வேறு சாப்பிட்டான் என்பதை மறக்கிறது. இரண்டாவது, எப்படி நடந்தது என்பதிலிருந்து எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறது, அது அறிவியலே அல்ல. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நமக்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. அதன் உடைந்த மிச்சம் இன்னும் நம் டி.என்.ஏ.-வில் கிடக்கிறது. ஆடு அதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்காக நெல்லிக்காயும் எலுமிச்சையும் சாப்பிடாமல் ஸ்கர்வியில் சாக வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடும் பிள்ளைக்கு இனி அது கிடைக்கவே கிடைக்காது. நம் மாநிலப் பாடநூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்ற பாடம் இருக்கிறது, அதைக் காப்பாற்ற வேண்டும். ஆனால் அது டார்வினோடும் லாமார்க்கோடும் புதைபடிவங்களோடும் நின்றுவிடுகிறது. பாடநூல் குழுவுக்கு என் வேண்டுகோள், அந்தப் பாடத்தில் இரண்டு பக்கம் கூட்டுங்கள். ஒன்றில் காசநோய் மருந்தின் பெருக்கல் கணக்கு, பிள்ளைகளே போட்டுப் பார்க்கும்படி. மற்றொன்றில் குருட்டுப்புள்ளிச் சோதனையும் தொண்டையின் குறுக்குவெட்டுப் படமும், கீழே அடைப்பு முதலுதவியின் படிகளும். மருத்துவ, செவிலியர் படிப்புகளில் பரிணாமத்துக்குத் தனித்தாள் வேண்டாம். உடற்கூறியல், நுண்ணுயிரியல், மகப்பேறு ஆகிய ஒவ்வொன்றின் தேர்விலும் ‘இந்தப் பலவீனம் ஏன் நீடிக்கிறது, அதனால் சிகிச்சையில் என்ன மாறும்?’ என்று ஒரு வினா கட்டாயமாக வந்தால், ஆசிரியர்கள் தாமாகவே அதை நடத்தத் தொடங்குவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.